பழைய ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், புதிய கணினி: இத்தனை வேகம் இருந்தும் ஏன் விட்டு விட்டு ஓடுகிறது?

கானாடுகாத்தான்_வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் (சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸ், கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) டிவிடிகள் இரண்டும் பெட்டியோடு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. 2006 அக்டோபரில் வெளிவந்த அந்த மென்பொருளை அன்றைக்கு எங்களிடம் இருந்த கணினியால் இழுக்கவே முடியவில்லை. மரம், கட்டடம், மேகம் எல்லாவற்றையும் குறைத்து வைத்தால்தான் செஸ்னா என்ற சிறு விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பும். என்றாவது ஒரு நாள் எல்லா அமைப்புகளையும் வலது கோடி வரை தள்ளி வைத்துப் பறக்க வேண்டும் என்பது அப்போதிருந்தே மனத்தில் கிடந்த ஆசை.

இப்போது ரைசன் 7 5700எக்ஸ் பிராசசர், 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை ஆகியவற்றோடு விண்டோஸ் 11 கணினி ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அதில் டிவிடி டிரைவ் கிடையாது என்பதால், முன்பே ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கி வைத்திருந்த பதிப்பை நிறுவினேன். ஆனால் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கிராமப்புறத்தின் மேல் பறக்கும்போது நொடிக்கு நூறு ஃபிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்களுக்கு) மேல் காட்டுகிற அதே கணினி, பெரிய விமான நிலையத்தை நெருங்கியதும் இருபதுக்கும் கீழே இறங்கி விட்டு விட்டு ஓடுகிறது. அந்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பார்த்தால், அது பாதிகூட உழைக்காமல் சும்மா இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் எரிச்சலூட்டுவது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு 737-800 விமானத்தில் செல்வது எனக்குப் பிடித்த பயணம். நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். தனியாக நிறுவிய விரிவான சாங்கி விமான நிலையத்தில் இறங்கப் போகும் தறுவாயில், சக்கரங்களை இறக்கிய பிறகு, நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு எல்லாம் மூடிக்கொள்கிறது. 32 ஜிபி இருக்கும்போது நினைவகம் போதவில்லை என்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

2020-இல் வந்த புதிய சிமுலேட்டருக்கு மாறிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது நிலக்காட்சியைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இறக்குகிறது. எங்கள் ஊரில் மாலை நேர இணையம் அதற்கு ஈடுகொடுக்காது. அதோடு, பழையதன் மேல் உள்ள ஒட்டுதலும் விடவில்லை. இதை நல்லபடியாக ஓட்ட வழி உண்டா? உண்டென்றால் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செக்காலை_ரோடு எழுதியது:

உங்கள் கணினியில் குறை எதுவும் இல்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். எஃப்எஸ்எக்ஸ் உருவாக்கப்பட்ட ஆண்டுகளில், பிராசசரின் கடிகார வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை தொழில்துறையில் பரவலாக இருந்தது. அது வெளிவந்த சமயத்திலேயே காற்று திசை மாறி, வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வழக்கம் வந்துவிட்டது. 2007-இல் வந்த முதல் சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு, நிலத்தின் படங்களை ஆயத்தம் செய்யும் வேலையைப் பிற கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது உண்மைதான். ஆனாலும் விமானத்தின் இயக்கம், கருவிப் பலகை, பிற விமானங்களின் நடமாட்டம், எதைத் திரையில் வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் வேலை ஆகியவற்றில் பெரும்பகுதி இன்றும் ஒரே கோரின் தலையில்தான் விழுகிறது. கல்யாண வீட்டில் பத்துப் பேரைச் சமையலுக்கு அமர்த்தியிருந்தாலும் தாளிக்கிற கை ஒன்றுதான் என்றால், பந்தி அந்தக் கையின் வேகத்தில்தானே நகரும்? உங்கள் ஆர்டிஎக்ஸ் 4060 கரண்டியோடு காத்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அந்த ஒரு கோரின் சுமையைக் குறைப்பதே முதல் வேலை. இதில் பலரும் இடம் தெரியாமல் கை வைக்கிறார்கள். திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பதாலோ, விளிம்புகளைச் சீராக்கும் ஆன்ட்டி-அலையாசிங்கை நிறுத்துவதாலோ பெரிதாக எதுவும் மாறாது. அவை கிராபிக்ஸ் கார்டின் வேலைகள், அதற்குத்தான் ஓய்வு நிறைய இருக்கிறதே. அவற்றைத் தாராளமாகக் கூட்டி வையுங்கள். குறைக்க வேண்டியவை வேறு: பயணிகள் விமானப் போக்குவரத்தை நூறிலிருந்து இருபது, இருபத்தைந்து விழுக்காட்டுக்கு இறக்குங்கள், சாலை வாகனங்களைப் பத்துக்குள் வையுங்கள், தானாக முளைக்கும் மரங்களையும் கட்டடங்களையும் மிக உயர்ந்த நிலையிலிருந்து இரண்டு படி கீழே கொண்டுவாருங்கள், ஒளியைப் பூசிக் காட்டும் புளூம் அமைப்பை அணைத்துவிடுங்கள். சாங்கி போன்ற பெரிய விமான நிலையங்களில் உங்களுக்கு ஏற்படும் இழுபறியில் பெரும்பகுதி, நுழைவாயில் தோறும் நிற்கும் அந்தப் பிற விமானங்களால் வருவது.

அடுத்தது ஃபிரேமுக்கு வரம்பு கட்டுவது. நூறைக் காட்டிவிட்டு இருபதுக்கு விழுவதைக் காட்டிலும் முப்பதில் அசையாமல் நிற்பது கண்ணுக்குப் பல மடங்கு இதமானது. விமானம் பந்தயக் கார் அன்று; அடிவானம் மெதுவாகச் சாய்கிற ஆட்டத்தில் முப்பது தாராளமாகப் போதும். சிமுலேட்டருக்குள் இருக்கும் ஃபிரேம் வரம்பை 'வரம்பில்லை' என்று விட்டுவிட்டு, என்விடியா கன்ட்ரோல் பேனலில் இந்த மென்பொருளுக்கு மட்டும் உச்ச ஃபிரேம் எண்ணிக்கையை முப்பது என்று கொடுங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றீர்கள், 144-ஐ முப்பதால் வகுத்தால் மீதி வரும், அதனால் சில படங்கள் திரையில் நான்கு துடிப்பு நேரமும் சில படங்கள் ஐந்து துடிப்பு நேரமும் நிற்கும், அதுவே ஒரு நடுக்கமாகத் தெரியும். பறக்கும் நேரத்தில் திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு படமும் சரியாக நான்கு துடிப்புக்கு நிற்கும். வித்தியாசத்தை முதல் திருப்பத்திலேயே உணர்வீர்கள்.

பழைய வலைத்தளங்களில் எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் எழுதச் சொல்லி நீண்ட பட்டியல்கள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்து 512 எம்பி கிராபிக்ஸ் கார்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மொத்தமாக எடுத்து ஒட்டாதீர்கள். உங்களுக்குப் பயன்படக்கூடியது அஃபினிட்டி மாஸ்க் என்ற வரி. எந்தெந்தக் கோர்களைச் சிமுலேட்டர் பயன்படுத்தலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. உங்கள் பிராசசரில் எட்டு கோர்கள், கோருக்கு இரண்டு வேலைத்தடங்கள் வீதம் பதினாறு திரெட்கள். ஒரு கோருக்கு ஒரு திரெட் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகத் தேர்ந்தால் அதன் இரும எண் பதின்ம எண்ணாக 21845 ஆகும். இதை எழுதிப் பாருங்கள்; முன்னேற்றம் தெரியாவிட்டால் வரியை எடுத்துவிடுங்கள். இன்டெலின் 12-ஆம் தலைமுறை முதல் வந்த, வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்த பிராசசர்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த வரி இன்னும் முக்கியம். முதன்மை வேலை சிக்கனமான கோரில் போய் உட்கார்ந்துவிட்டால் புதுக் கணினியும் பழையது போலத்தான் நடக்கும்.

அமைப்புக் கோப்பு குழம்பிவிட்டதென்று தோன்றினால் பயப்பட வேண்டாம். உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், எஃப்எஸ்எக்ஸ் என்ற வரிசையில் போய் அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுச் சிமுலேட்டரைத் திறந்தால், புதிதாக ஒன்றை அதுவே எழுதிக்கொள்ளும்.

பள்ளத்தூரான் எழுதியது:

வேகத்தைப் பற்றிச் செக்காலை அண்ணன் சொன்னவற்றுக்கு மேல் சேர்க்க எனக்கு எதுவும் இல்லை. சாங்கியில் மூடிக்கொள்ளும் விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எஃப்எஸ்எக்ஸ் ஒரு 32 பிட் மென்பொருள். அப்படிப்பட்ட மென்பொருளால் 64 பிட் விண்டோஸிலும் அதிகபட்சம் 4 ஜிபி முகவரி வெளியை (நினைவகத்தில் அதனால் எட்டக்கூடிய இடத்தை) மட்டுமே கையாள முடியும். உங்கள் கணினியில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் 64 ஜிபி இருந்தாலும் அந்த எல்லை நகராது; மீதி ரேம் அதன் கண்ணிலேயே படாது. விமானத்தின் மாதிரி, அதன் கருவிகள், நிலத்தின் படங்கள், விமான நிலையக் கட்டடங்கள், வானிலை, பிற விமானங்கள் எல்லாம் அந்த 4 ஜிபிக்குள்தான் இருந்தாக வேண்டும். பறந்து கடந்த நிலப்பகுதிகளுக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் திரும்ப வந்து சேருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்குகிறது. திருச்சியில் கிளம்பும்போது நிறைய இடம் இருந்திருக்கும், வங்கக் கடலின் மேலும் பிரச்சினை இருக்காது. மலாக்கா நீரிணையைத் தாண்டி, கனமான சாங்கி விமான நிலையத்தின் படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போதுதான் கூரை இடிக்கிறது. உலகம் முழுவதும் இந்த மென்பொருளை ஓட்டியவர்கள் கடைசி இரண்டு கடல் மைலில் இழந்த விமானங்களுக்குக் கணக்கே இல்லை.

ஊகிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற சிறு கருவியை இறக்கி, அதில் 'வர்ச்சுவல் சைஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து, பறக்கும்போது எஃப்எஸ்எக்ஸ் வரியை அவ்வப்போது பாருங்கள். டாஸ்க் மேனேஜர் வழக்கமாகக் காட்டும் ரேம் அளவு வேறு, இது வேறு. நம்மைக் கவிழ்ப்பது இதுதான். 3.5 ஜிபியைத் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும், 3.8-ஐ நெருங்கினால் எந்த நொடியும் மூடலாம்.

தணிக்கும் வழிகளில் மிகப் பெரியது நிலவிவரத்தின் ஆரம், அதாவது விமானத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை நிலத்தை விவரமாக வரைய வேண்டும் என்ற அளவு. அமைப்புக் கோப்பில் எல்ஓடி ரேடியஸ் என்ற வரியில் 4.5 என்பது அமைப்புத் திரை தரும் உச்ச அளவு. தூரத்து நிலமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை 6.5 என்று கையால் எழுதச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். ஆரம் கூடினால் பரப்பு அதன் இருமடியாகக் கூடும் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே படித்திருக்கிறோம், 4.5-ஐ 6.5 ஆக்கினால் சுமை இரு மடங்கைத் தாண்டுகிறது. நீங்கள் மாற்றியிருந்தால் 4.5-க்கே திரும்புங்கள். அதேபோல, பரப்புகளின் மேல் போர்த்தும் படங்களின் உச்ச அளவைச் சொல்லும் டெக்ஸ்சர் மேக்ஸ் லோட் என்ற வரி 4096 என்றிருந்தால் 2048 அல்லது 1024 ஆக்குங்கள். மேகத்துக்கும் விமானத்தின் உடல் வண்ணத்துக்கும் 4096 அழகுதான், ஆனால் அதற்கு அழுகிற விலை சாங்கியில் தெரியும். அமைப்புத் திரையில் எதையாவது மாற்றினால் இந்த வரிகள் பழைய அளவுக்குத் தாமாகவே போய்விடுவதும் உண்டு. மாற்றியபின் கோப்பைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நினைவகச் சிக்கலுக்கான ஹை மெம் ஃபிக்ஸ் என்ற வரியைப் பற்றியும் படித்திருப்பீர்கள். பழைய டிவிடி பதிப்புக்கு அது இன்றியமையாதது. 2014 டிசம்பரில் வந்த ஸ்டீம் பதிப்பில் முன்பே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நெருக்கடி இருந்தால், நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. கீழிறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன் பறப்பைச் சேமித்து, சிமுலேட்டரை முழுவதுமாக மூடி, மறுபடி திறந்து அதே இடத்திலிருந்து தொடர்வது. நான்கு மணி நேரமாகத் தேங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் காலியாகிவிடும். சுத்த வாதிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், விமானம் தரையிறங்க வேண்டுமே. மென்பொருளோடு வந்த 737-க்கு இது தொல்லையில்லை. தனியாக வாங்கும் சிக்கலான விமானங்களில் சில, மறுபடி திறக்கும்போது கருவிகளின் நிலையை மறந்துவிடும் என்பதால் முன்னதாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடி_ஆகாயம் எழுதியது:

பழையதுதான் வேண்டும் என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போகலாமே என்பது என் கட்சி. 2003 ஜூலையில் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் 2004, ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு ஆனதைக் கொண்டாடுவதற்காகவே உருவானது. அவர்களுடைய முதல் விமானமான ஃபிளையர், விக்கர்ஸ் விமி, ஃபோர்டு டிரை-மோட்டார், டிசி-3, லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த ரையான் விமானம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த ரையானில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், விமானிக்கு முன்னால் கண்ணாடியே இல்லை. எரிபொருள் தொட்டி மறைக்கிறது. பக்கச் சன்னலை எட்டிப் பார்த்து, சற்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டுத்தான் ஓடுதளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மாதிரி இன்பத்துக்கு ஆர்டிஎக்ஸ் எதற்கு?

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தாரே, அதை அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தாரே, அந்த வழித்தடத்தை டிசி-3 விமானத்தில் ஊர் ஊராகப் பறந்து பாருங்கள். புஸ் மாத் அதில் இல்லை என்பது குறைதான். வரலாற்றுச் சுத்தம் பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குறுந்தகடுகளில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புக்குத் தேவையான டிரைவரை விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. பாதுகாப்புக் காரணத்தால் செய்த நியாயமான முடிவு. அதனால் அசல் தகடு கையில் இருந்தாலும் விண்டோஸ் 11-இல் அது திறக்காது. தடுப்பை உடைத்த கோப்புகள் என்று கண்ட இடத்தில் கிடைப்பவற்றோடு வைரஸும் சேர்ந்து வரும், கை வைக்காதீர்கள். நான் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள ஒரு பழைய மேசைக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

கானாடுகாத்தான்_வளவு எழுதியது:

மூவருக்கும் நன்றி. செக்காலை அண்ணன் சொன்னபடி திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஃபிரேமை முப்பதில் நிறுத்தி, பிற விமானங்களை இருபது விழுக்காடாகக் குறைத்தேன். பெரிய விமான நிலையங்களிலும் இழுபறி இல்லை. எல்ஓடி ரேடியஸ் பார்த்தால் 6.5 என்று இருந்தது. எப்போதோ எங்கோ படித்த பட்டியலிலிருந்து ஒட்டியது. அதைத் திருத்திய பின், சாங்கி ஓடுதளத்தைத் தொடும்போது வர்ச்சுவல் சைஸ் 3.3 ஜிபி அளவில் நின்றது.

இப்போது வேறொரு மனக்குறை. மென்மையாக ஓடுகிறது என்றதும் முதல் வேலையாகக் காரைக்குடியின் மேல் பறந்து பார்த்தேன். நம் ஊர் அங்கே இல்லை. வீடும் இல்லை, ஊருணியும் இல்லை. செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைக்குள் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தைத் தேடிக் கண்ணும் பூத்துவிட்டது. பழுப்பும் பச்சையுமாக எங்கும் ஒரே மாதிரித் துண்டுகள். இதைத்தான் புதிய சிமுலேட்டர்காரர்கள் கேலி செய்கிறார்கள் போலும்.

தேவகோட்டை_ஆசிரியை எழுதியது:

தம்பி, நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேரப்பிள்ளைகளோடு இந்த எஃப்எஸ்எக்ஸைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். நீங்கள் குறை என்று சொன்னதை நான் அதன் நிறையாகப் பார்க்கிறேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்துச் சிமுலேட்டர் உலகத்தைச் செயற்கைக்கோள் படமாக வைத்திருக்கவில்லை. இந்த இடம் வறண்ட வயல், இந்த இடம் சிறு நகரம், இந்த இடம் காடு என்று நிலத்தை வகை பிரித்து, வகைக்குரிய பொதுப் படத்தை விரித்துவிடுகிறது. ஒரே டிவிடி பெட்டிக்குள் உலகம் முழுவதையும் அடக்க வேறு வழி இல்லை. ஆனால் விமான நிலையங்களின் இருப்பிடம், ஓடுதளத்தின் திசை, காற்று, திசைகாட்டி, கடிகாரம் ஆகியவை ஒழுங்காக இருக்கின்றன. சன்னலுக்கு வெளியே ஊர் தெரியாதபோது ஊரைக் கண்டுபிடிப்பதுதானே பழைய விமானிகளின் வித்தை? வீட்டை மேலிருந்து பார்த்து அடையாளம் கண்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. ஊர் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பறந்தால் ஒரு மாலை முழுவதும் ஓடிவிடும்.

எங்கள் வீட்டில் பறக்கும் முக்கோணத்தைச் சொல்கிறேன். செஸ்னா 172-இல் திருச்சியிலிருந்து கிளம்பி, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் 174 பாகைத் திசையில், 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் போனால் காரைக்குடி ஏறத்தாழ 42 கடல் மைல். காற்று இல்லாத நாளில் 23 நிமிடம். அங்கே நேரத்தைப் பார்த்து 251 பாகைக்குத் திரும்பினால் மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 43 கடல் மைல். அதுவும் 23, 24 நிமிடம்தான். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு சிறியது என்பதால் பிள்ளைகளின் கணக்குக்கு அதை விட்டுவிடலாம். காரைக்குடியைக் கண்ணால் பார்க்க முடியாது, கடிகாரம்தான் சொல்ல வேண்டும். அங்கே தவறாகத் திரும்பியிருந்தால் மதுரை ஓடுதளம் எதிரே வராது. மதிப்பெண் போடும் வேலையை மதுரையே பார்த்துக்கொள்கிறது.

இது பழகிய பிறகு வானிலைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகைக் காற்றை வையுங்கள்: வடகிழக்கிலிருந்து, அதாவது 45 பாகையிலிருந்து, 20 நாட். இந்தக் காற்று பாதி வாலிலிருந்து தள்ளும், பாதி இடப்பக்கத்திலிருந்து தள்ளும். பிரித்துப் பார்த்தால் குறுக்கே தள்ளுவது ஏறக்குறைய 15 நாட், பின்னாலிருந்து உந்துவது 12 அல்லது 13. மூக்கைத் திருத்தாமல் 174-லேயே பிடித்துக்கொண்டு போனால், காரைக்குடியின் நேருக்கு 21 நிமிடத்திலேயே வந்துவிடுவோம். ஆனால் மேற்கே ஐந்து கடல் மைலுக்கு மேல் விலகியிருப்போம், குன்றக்குடிக் கோயிலுக்குப் பக்கத்தில். மூக்கை இடப்பக்கம் எட்டு பாகை அளவுக்குத் திருப்பி 166-இல் பிடித்தால் பாதை நேராகும். முக்கோணவியலை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்ட என் மூத்த பேரன், குன்றக்குடியில் நிற்கிறோம் என்று தெரிந்ததும் தானே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தான்.

ஜிபிஎஸ் கருவியை மட்டும் மூடி வைத்துவிடுங்கள். விமானம் ஓட்டவே புதிதாகக் கற்பவர்களாக இருந்தால், மென்பொருளோடு வரும், விமானப் பயிற்சியாளர் ராட் மச்சாடோவின் பாடங்களிலிருந்து தொடங்கலாம்; அவர் சொல்லும் நகைச்சுவை எனக்கு ஒத்துவராது, ஆனால் பாடம் சுத்தமான பாடம்.

கானாடுகாத்தான்_வளவு எழுதியது:

ஆச்சி, மிக்க நன்றி. நேற்று மாலை உங்கள் முக்கோணத்தைக் காற்றில்லாமல் பறந்தேன். மதுரை ஓடுதளம் வலப்பக்கத்தில் சற்றுத் தள்ளித்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. இனி 20 நாட் காற்று.

நடுவே ஒரு தடங்கல். பறந்துகொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. பிடுங்கிச் செருகினாலும் சிமுலேட்டரை மூடித் திறக்கும் வரை திரும்புவதில்லை. புது ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டுமா?

பள்ளத்தூரான் எழுதியது:

வாங்க வேண்டாம். கொஞ்ச நேரம் கை படாமல் இருந்தால் விண்டோஸ் யுஎஸ்பி கருவியை மின்சிக்கனத்துக்காக உறங்க வைக்கிறது. பழைய சிமுலேட்டருக்கு, உறங்கி எழுந்த கருவியை மறுபடி கண்டுகொள்ளத் தெரியாது. தானியங்கி விமானியை இயக்கிவிட்டு நீங்கள் கையை எடுக்கும் நேரத்தில்தான் இது நடந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் மேலும் வலச்சொடுக்கு செய்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சிக்கனத்துக்காக இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்ற குறியை எடுத்துவிடுங்கள். ஜாய்ஸ்டிக்கின் பெயருக்கு நேராகவும் அதே பக்கம் இருந்தால் அங்கேயும் எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு சில சமயம் குறி மறுபடி விழுந்துவிடும். அப்போது மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.